கருப்பண்ண ராசா யார், மச்சான்?

அன்புள்ள மச்சான்,

நம் புத்தகத்தின் அச்சுப்படி, பிழைதிருத்தம் பார்க்க, பல்கலைக்கழகப் பதிப்புத் துறையிலிருந்து வந்துவிட்டது. அட்டையில் உங்கள் பெயர் மேலே, என் பெயர் கீழே. போய்ச் சேர்ந்த பிறகும் நீங்கள்தான் முன்னால்.

கம்பம் பள்ளத்தாக்கின் நடவுப் பாடல்களை இருவரும் சேர்ந்துதான் திரட்டினோம். ஒரு பாட்டில் வரும் கருப்பண்ண ராசா, வரலாறு மறந்த சிற்றரசன் என்று தனி அத்தியாயம் எழுதியது நீங்கள். நான் சந்தேகப்பட்டபோது கல்லூரி ஆசிரியர்கள் முன்னால் சொன்னீர்கள்: "மாப்ளே, பாட்ட நீங்க ரசிங்க. வரலாற எங்கிட்ட விட்டுருங்க." யார் யார் சிரித்தார்கள் என்பது இன்னும் எனக்கு நினைவிருக்கிறது.

கையெழுத்துப் படியை மதிப்பிட்ட பேராசிரியர்களும் அந்த அத்தியாயத்தைத்தான் புகழ்ந்திருந்தார்கள். அவர்கள் என்றைக்கு வரப்பில் நின்றார்கள்?

பாட்டைக் கடைசியாக ஒருமுறை சரிபார்க்க, நீங்கள் டேப் ரெக்கார்டரோடு போன அதே சின்னமனூர் வயலுக்குப் போனேன். நட்டுக்கொண்டிருந்த பெண்கள் பெயர் கேட்டார்கள், சொன்னேன். பாட்டு தொடங்கியது. கருப்பண்ண ராசா வர வேண்டிய இடத்தில் வந்தது, "முத்தையா ராசா"!

"ஏத்தா, எம் பேரு அங்கன எப்படி வந்துச்சு?"

பாட்டெடுத்துக் கொடுத்த அம்மாள் நிமிர்ந்தார். "வரப்புல நிக்கிறவுக பேரத்தான போடுவோம்? அப்பத்தான கையில ஏதாச்சும் குடுப்பாக."

"அப்ப கருப்பண்ண ராசா?"

"இந்த வயலுக்குச் சொந்தக்காரவுக. முன்னாடி அவுக நின்னாக. இப்ப நீங்க நிக்கிறீக. ராசாவாயிட்டீகளே, மடிய அவுத்துக் காசக் குடுங்க!"

வயலே சிரித்தது. கொடுத்துவிட்டு வந்தேன்.

பஸ்ஸில் ஜெயித்த மகிழ்ச்சிக்காகக் காத்திருந்தேன். வந்தது கேள்விதான். அன்று நீங்களும் வரப்பில்தானே நின்றீர்கள்? உங்கள் பெயரை ஏன் பாடவில்லை? இல்லை, பாடினார்களா? அந்த இடத்தில் மட்டும் ரெக்கார்டரை நிறுத்தினீர்களா? அல்லது கடைசிவரை உங்களுக்குத் தெரியவே தெரியாதா? இதைக் கேட்க எனக்கு வேறு யார் இருக்கிறார்கள்?

பதிப்பாசிரியர் போனில் சொன்னார்: "இறந்தவரோட எழுத்தத் திருத்த முடியாது சார். அத்தியாயத்த எடுத்துரலாம், இல்ல அப்படியே விட்ரலாம். முடிவு உங்களோடது."

எடுக்கப் போவதில்லை. எடுத்தால் உங்கள் தவறு மறையும். அதோடு உங்கள் யோசனையும் மறையும். அத்தியாயத்தின் முடிவில் என் பெயரில் ஒரு மறுப்புரை சேர்க்கிறேன் என்றேன். ஒப்புக்கொண்டார்.

இரக்கப்பட்டு எழுத மாட்டேன், மச்சான். எதிரில் உட்கார்ந்து பதில் சொல்லக் காத்திருக்கும் ஆளிடம் மல்லுக்கு நிற்பது போலத்தான் எழுதுவேன். இது சத்தியம்.

உங்கள் தங்கையைக் கட்டியவன்,
முத்தையா