நீங்கள் கேட்ட நவம்பர் இருபத்துநான்கு

பாய்,

இன்று காலை மீனா பஜாரில் ஒரு கடையைத் தாண்டும்போது புதுப் பாப்ளின் துணி கிழிபடும் சத்தம் கேட்டது. கத்தரியால் ஓரத்தில் சின்னதாக ஒரு வெட்டு, பிறகு இரண்டு கையாலும் ஒரே இழுப்பு. கூடவே அந்தக் கஞ்சி மணமும் வந்தது. நான் நின்றுவிட்டேன். கடைக்காரர் "க்யா சாஹியே அங்கிள்?" என்று கேட்டார். ஒன்றும் வேண்டாம் என்று கையை ஆட்டிவிட்டு நடந்தேன். இரண்டு தெரு கடந்த பிறகுதான், உங்கள் கடை இருந்த திசைக்கு எதிராகப் போய்க்கொண்டிருப்பது புரிந்தது.

வெள்ளிக்கிழமைகளில் ஜும்மா முடிந்து நீங்கள் சாப்பிட்டு வந்ததும், ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு மாலைக் கடை திறக்கும்வரை நாம் உட்கார்ந்திருப்போம். வாடிக்கையாளர் ஸ்டூல் எனக்கு, துணிக்கட்டுகளின் மேல் நீங்கள். கட்டுமான நிறுவனத்தில் வரைபடங்களுக்குத் திருத்த எண் போட்டே காலத்தை ஓட்டியவன் நான். ஓய்வுபெற்று மகன் வீட்டில் இருந்த எனக்கு, கேட்க ஒருவர் கிடைத்தது பெரிய விஷயம். கேட்பதற்கு உங்களைப் போல ஒருவர் இனிக் கிடைக்கமாட்டார்.

சென்னைக்காரர் ஒருவர் உங்கள் கடையில் நின்று, தங்கள் ஊர் பிறந்தது ஆயிரத்து அறுநூற்று முப்பத்தொன்பதில் என்று பெருமை பேசிவிட்டுப் போனார். அன்றுதான் நீங்கள் கேட்டீர்கள்: "சரி சார், அந்த வருசம் ஒலகத்துல மத்தவங்க எல்லாம் என்ன செஞ்சுக்கிட்டு இருந்தாங்க?" எனக்குத் தெரியவில்லை. தெரியவில்லை என்று சொல்லக் கூச்சமாக இருந்தது. அடுத்த வெள்ளிக்கிழமை ஒரு நோட்டுடன் வந்தேன்.

கிழக்கிந்தியக் கம்பெனிக்காரர்கள் மணல்கரையில் இடம் வாங்கிய அதே வருடத்தில் தில்லியில் செங்கோட்டைக்கு அடிக்கல் நாட்டினார்கள். துருக்கியரும் பாரசீகரும் நெடுங்காலச் சண்டையை முடித்து எல்லை பிரித்துக்கொண்டார்கள். ஜப்பான் போர்த்துகீசியக் கப்பல்களை இனி வரவே கூடாது என்று விரட்டியது. ஒவ்வொன்றாக நான் படிக்க, நீங்கள் துணி அளக்கும் இரும்புக் கோலைத் தொடையில் தட்டிக்கொண்டே கேட்பீர்கள். எல்லை பிரித்த செய்தியைக் கேட்டு, "அப்பவே பிரிச்சாச்சா? பொறவு என்ன எழவுக்கு இன்னும் அடிச்சுக்கிடுறாங்க?" என்றீர்கள். நான் அடுத்த வரிக்குப் போனேன்.

உங்களுக்குப் பிடித்தது வெள்ளிக் கிரகத்தின் கதைதான். வெள்ளி சூரியனின் முகத்தைக் கடந்து போகும் என்று இங்கிலாந்தில் ஓர் இளைஞர் தனியாகக் கணக்குப் போட்டுக் கண்டுபிடிக்கிறார். தொலைவில் இருக்கும் தன் நண்பருக்குக் கடிதம் எழுதிப் பார்க்கச் சொல்கிறார். அன்று ஞாயிற்றுக்கிழமை. நாள் முழுக்க வானத்தில் மேகம். சூரியன் மறைய அரை மணி இருக்கும்போது மேகம் விலக, காகிதத்தில் விழுந்த சூரியனின் பிம்பத்துக்குள் ஒரு சிறு கரும்புள்ளி. நண்பரும் தன் ஊரில் அதைப் பார்க்கிறார். பார்த்ததும் அளவெடுக்கத் தோன்றாமல் அப்படியே நின்றுவிடுகிறார். அந்த நண்பர் துணி வியாபாரி என்று நான் படித்ததும் நீங்கள் துணிக்கட்டிலிருந்து இறங்கிவிட்டீர்கள்.

"நம்மாளா? அப்படிச் சொல்லுங்க. துணிக்கடைக்காரன் அளக்க மறந்து நிக்கிறான்னா அது சாமானியமான காட்சியா இருக்காது சார்."

நம் தகராறும் அந்த நாளில்தான் தொடங்கியது. இங்கிலாந்தில் அப்போது பழைய நாட்காட்டி. அதன்படி அது நவம்பர் இருபத்துநான்கு. இன்று நாம் வைத்திருக்கும் நாட்காட்டிப்படி டிசம்பர் நான்கு. நடுவே பத்து நாள் வித்தியாசம். துருக்கியரின் தேதியோ ஹிஜ்ரி நாட்காட்டியில். நான் எல்லாவற்றையும் புது நாட்காட்டிக்கு மாற்றி, பழையதைச் சிவப்பு மையில் அடித்துக்கொண்டிருந்தேன். பிறை பார்த்து மாதம் பிறக்கும் வீட்டில் வளர்ந்த உங்களுக்கு அது வேடிக்கை. "செத்துப் போனவங்க தேதியையுமா சார் விட மாட்டிய?" என்று சிரித்தீர்கள்.

பிறகு உங்களுக்கு நுரையீரல் நோய் முற்றியது. ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு அனுப்பினார்கள். அதன் பொருள் உங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். நீங்கள் என்னிடம் கேட்டது ஒன்றே ஒன்று. அந்த வருடம் முழுவதையும் ஜனவரியிலிருந்து டிசம்பர் வரை ஒரே இருப்பில் படித்துக் காட்ட வேண்டும். ஒரு வருடம் எப்படிப் போகிறது என்று முழுதாகக் கேட்டுப் பார்க்க வேண்டும். நாளையும் நீங்களே சொன்னீர்கள், நவம்பர் இருபத்துநான்கு.

நான், அது தவறான தேதி, டிசம்பர் நான்குதான் சரி என்றேன்.

"அந்த மனுசன் தன் கையால இருபத்துநாலுன்னுதானே எழுதி வச்சிருப்பாரு? அவருக்கு அதுதானே நாளு?" என்றீர்கள். மூச்சு வாங்கியது. நான் விளக்கினேன். சூரியனும் வெள்ளியும் மனிதர் எழுதுவதைப் பார்த்து நகர்வதில்லை என்றெல்லாம் பேசினேன். நீங்கள் கண்ணை மூடி, "சரி, உங்க இஷ்டம்" என்றீர்கள்.

உண்மையை இப்போது எழுதுகிறேன். நோட்டில் மூன்று தேதிகள் எனக்கு உறுதிப்படவில்லை. தவறோடு உங்கள் முன்னால் உட்காரப் பயந்தேன். நீங்கள் என்ன, தேர்வா வைக்கப்போகிறீர்கள்? ஆனாலும் பயம். அந்தப் பத்து நாள் எனக்கு வசதியாக இருந்தது.

இருபத்துநான்காம் தேதி பிற்பகல் உங்கள் குரல் செய்தி வந்தது. "சார், உங்க கணக்குப்படி இன்னைக்கு ஒண்ணுமில்ல. ஆனா இங்க வெயில் நல்லா அடிக்குது. வாங்களேன்." உங்கள் வீடு என் வீட்டிலிருந்து பத்து நிமிட நடை. நான் தட்டச்சு செய்தேன்: "இன்னும் பத்து நாள்தான் பாய். சரியாக முடித்துக் கொண்டுவருகிறேன்." நீங்கள் படித்ததற்கு அடையாளமாக இரண்டு நீலக் குறிகள் விழுந்தன.

ஏழாம் நாள் உங்கள் மகன் ஃபோன் செய்தான். மாலை அஸர் தொழுகைக்குப் பிறகு அடக்கம். மையவாடியில் எல்லோரும் மண் தள்ளும்போது, எனக்கு உரிமை உண்டா என்று தெரியாமல் ஓரத்திலேயே நின்றேன். யாரையாவது கேட்டிருக்கலாம்.

ஒன்று உங்களிடம் சொல்லாமல் மறைத்தேன். அந்த இங்கிலாந்து இளைஞர் துணி வியாபாரியை நேரில் சந்திக்க ஒரு நாள் குறித்திருந்தார். அதற்கு முதல் நாள் இறந்துபோனார். அடுத்த வருடமும் கழிந்த பிறகு நடந்தது, நம் வருடத்தில் வராது என்று அதை நோட்டில் சேர்க்கவில்லை. அதைப் படித்து அறிந்தவன்தான் உங்களிடம் பத்து நாள் கேட்டேன்.

டிசம்பர் நான்காம் தேதி நோட்டை எடுத்துக்கொண்டு உங்கள் வீட்டுக்குப் போனேன். வேறு எங்கே போவதென்று தெரியவில்லை. உங்கள் மனைவி, கணவரை இழந்தவர் வெளியாரைப் பார்க்காமல் இருக்கும் இத்தாவில் இருந்ததால் மகன்தான் முன்னறையில் உட்காரவைத்தான். அவன் தயங்கித் தயங்கிச் சொன்னான்.

"அங்கிள், அன்னைக்கு, ட்வென்ட்டி ஃபோர்த், வாப்பா புதுச் சட்டை போட்டுவிடச் சொன்னாங்க. சேரை ஜன்னல்கிட்ட போடச் சொன்னாங்க. நீங்க வருவீங்கன்னாங்க."

"என் மெசேஜ் பார்த்தார் இல்லையா?"

"பாத்தாங்க. அதுக்கப்புறமும் சூரியன் மறைஞ்சு மஃரிப் ஆகுற வரைக்கும் உக்காந்துதான் இருந்தாங்க."

அந்த மூன்று தேதிகளில் இரண்டு இன்னும் உறுதிப்படவில்லை பாய். தேடுவதை நிறுத்திவிட்டேன். நோட்டில் அந்த வருடத்தின் மற்ற நாட்கள் எல்லாம் ஒழுங்காக அதனதன் இடத்தில் இருக்கின்றன. நீங்கள் புதுச் சட்டை போட்டுக்கொண்டு ஜன்னல் பக்கம் உட்கார்ந்திருந்த அந்த ஒரு பிற்பகலை மட்டும் எங்கே எழுதி வைப்பது என்று எனக்குத் தெரியவில்லை. அதை எழுதாமல் என்னோடுதான் வைத்திருக்கிறேன்.