படகுக்கு உங்கள் தம்பியின் பெயர்

என் அன்பு ஜெர்மன் தாத்தாவுக்கு,

அக்காள்மடத்திலிருந்து மரியா எழுதுகிறேன். உங்கள் நாட்டு முதியோர் இல்லத்தில் மூன்று வருடம் உங்களைக் குளிப்பாட்டி, சாப்பிட வைத்து, திட்டும் வாங்கிக்கொண்ட அதே மரியாதான். நீங்கள் கண்மூடி எட்டு மாதமாகிறது. உங்களிடம் சொல்ல ஒரு சேதி இருக்கிறது.

முதல் நாள் உங்கள் கையில் பச்சை குத்திய எண்ணைப் பார்த்து, "உங்கள் படகு நம்பரா?" என்று கேட்டேனே, நினைவிருக்கிறதா? எங்கள் பக்கத்து மீனவர்கள் கையில் பெயரையோ படகு நம்பரையோ குத்திக்கொள்வார்கள். கடலில் இறந்து உடல் கரை ஒதுங்கினால் யாரென்று தெரிய வேண்டுமே. எனக்குத் தெரிந்தது அவ்வளவுதான். கூட இருந்த நர்ஸ் என் வாயைப் பொத்தாத குறை. நீங்களோ கண்ணில் நீர் வரச் சிரித்தீர்கள்.

அப்புறம்தான் அந்த எண்ணைக் குத்திய நாஜி வதைமுகாமைப் பற்றிச் சொன்னீர்கள். வாசலில் வயது கேட்டபோது, பதினான்கு வயதான நீங்கள் பதினேழு என்று பொய் சொன்னீர்கள். வேலைக்கு ஆவான் என்று ஒரு பக்கம் தள்ளினார்கள். கல் சுமந்து பிழைத்தீர்கள். ஒன்பது வயதுத் தம்பி யோனாவுக்கு அந்தப் பொய் பொருந்தாது. அவனை மறுபக்கம், விஷவாயு அறைக்கு அனுப்பினார்கள். கல்லறை இல்லை, ஒரு போட்டோகூட இல்லை. "நானும் போய்விட்டால் அவன் பெயரைச் சொல்ல ஆளில்லை" என்றீர்கள். பிழைத்ததற்காக ஆயுசு முழுக்கக் கூனிக் குறுகினீர்களே, ஏன் தாத்தா? அந்த வயதுப் பிள்ளை வேறென்ன செய்திருக்க முடியும்?

இங்கே என் அய்யா புதுப் படகு வாங்கியிருக்கிறார். யோனா என்று பெயர் வைப்போம் என்றேன். எகிறிவிட்டார்.

"ஏ புள்ள, கிறுக்குப் பிடிச்சிருச்சா? பைபிள்ல புயலடிக்கயில கடல்ல தூக்கிப் போட்ட ஆளு பேரா? அந்தப் படகுல எவன் ஏறுவான்?"

உங்கள் கதையைச் சொன்னேன்.

"ஒம்பது வயசா?" என்று மட்டும் கேட்டுவிட்டு வலையைத் தைத்துக்கொண்டிருந்தார். கொஞ்சம் கழித்து, "அந்த யோனாவும் மீனு வயித்துக்குள்ள இருந்து கரைக்கு வந்துட்டான்ல. பெயிண்டருகிட்டச் சொல்லிரு" என்றார்.

போன வாரம் படகு முதல் தடவையாகக் கடலுக்குப் போனது. மறுநாள் காலை கரையில் நின்றிருந்தேன். தூரத்தில் படகைக் கண்டதும் ஆட்கள் கூவினார்கள்: "யோனா வந்துட்டான்! அந்தா, யோனா வந்துட்டான்!"

மணலில் உட்கார்ந்து அழுதுவிட்டேன், தாத்தா. எண்பது வருடமாக நீங்கள் கேட்கக் காத்திருந்தது இதைத்தானே.

இனி உங்களுக்கு ஒரு வாக்குத் தருகிறேன். எங்கள் கரையில் ஒரு படகு வரத் தாமதித்தால், ஊரே கடலில் இறங்கித் தேடும். யோனா ஒரு நாள் திரும்பவில்லை என்றால் நாங்கள் தேடிப் போவோம்.

உங்களுக்கும், ஒன்பது வயது யோனாவுக்கும் பேத்தி,
மரியா