பிசகிய பாடம்

8-7-72, சனி

மாதாந்திர ஆசிரியர் கூட்டம், இந்தத் தடவை எங்கள் பள்ளியில். சுற்றுவட்டாரப் பள்ளிகளிலிருந்து எல்லோரும் வந்திருந்தார்கள். ஒருவர் மாதிரிப் பாடம் நடத்துவார், மற்றவர்கள் பின்னால் உட்கார்ந்து பார்த்துக் கற்றுக்கொள்ள வேண்டும். கற்றுக்கொண்டோம் என்று பள்ளி ஆய்வாளர் எழுதிக்கொண்டு போவார்.

இன்று எங்கள் தர்மன் சார் முறை. பாடம் ‘நமது மாவட்டம்’. இரண்டு வாரமாகக் கேள்வியையும் பதிலையும் வரிசையாகப் பிள்ளைகளுக்கு உருவேற்றி வைத்திருந்தார். பாவம், பதற்றத்தில் மூன்றாம் கேள்வியை விட்டுவிட்டார். “நம் மாவட்டத்தின் ஆறு எது?” என்றார். பையன் எழுந்து, “நெல், வேர்க்கடலை” என்றான். “முக்கியத் தொழில் எது?” என்றார். அடுத்தவன், “பாலாறு” என்றான். இப்படியே கடைசி வரை. ஒருவர் முகத்திலும் சலனமில்லை. பாடம் மிகச் சிறப்பு என்று நன்றியுரையில் சொன்னார்கள். சுண்டல், காப்பி, கையெழுத்து.

பக்கத்தில் துரைக்கண்ணு சார் மட்டும் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினார். “தப்பு இல்ல டீச்சர். பாலாத்துல தண்ணி ஏது? மண்ணு அள்றதுதான் தொழிலு” என்றார். நானும் சிரித்தேன். வீட்டுக்கு வரும் வழியெல்லாம் எரிச்சல். இதற்கா ஒரு சனிக்கிழமை?

11-7-72

கூட்டத்தின் செயலாளர் பொறுப்பை ஜூனில் என் தலையில் கட்டினார்கள், வேறு யாரும் வாங்கிக்கொள்ளவில்லை என்பதால். சரி, கட்டியாகிவிட்டது, ஏதாவது செய்யலாமே. மாதிரிப் பாடம் வேண்டாம், அந்த மாதம் வகுப்பில் பிசகிப்போன பாடம் ஒன்றை ஒவ்வொருவரும் சொல்லட்டும், ஏன் பிசகியது என்று சேர்ந்து பார்ப்போம் — தலைமையாசிரியர் கோதண்டபாணியிடம் சொன்னேன்.

“உங்களுக்கு இன்னாத்துக்குமா இந்த வேலை? வந்தமா, சுண்டலத் தின்னமா, கையெழுத்தப் போட்டமான்னு இல்லாம.”

வேண்டாம் என்று சொல்லவில்லை. அது போதும்.

12-8-72, சனி

இன்றைக்கு நடந்ததை விடாமல் எழுதிவிட வேண்டும்.

பிசகிய பாடம் யார் சொல்கிறீர்கள் என்றதும் எல்லோரும் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். தெருக்கோடித் தறிச் சத்தம்தான் கேட்டது. நானே ஆரம்பித்தேன். மூன்றில் ஒன்று பெரிதா, நான்கில் ஒன்று பெரிதா என்று கேட்டபோது என் வகுப்பு முழுவதும் நான்கில் ஒன்று என்றது. இத்தனை வருடம் பின்னம் நடத்தியிருக்கிறேன், இந்தக் கேள்வியை ஒரு தடவைகூடக் கேட்டதில்லை. சொல்லும்போது காது சுட்டது.

பிறகு துரைக்கண்ணு சார் எழுந்தார். எங்கள் பள்ளி ஐந்தாம் வகுப்பு வாத்தியார், ரிட்டயர் ஆக மூன்று வருடம்தான் இருக்கிறது.

“எனக்கு இந்தப் புதுக் கணக்கு புரியல. கணம்னு சொல்லி ஒரு அடைப்புக்குறி போட்டு உள்ள ஆடு, மாடுன்னு எழுதச் சொல்றாங்க. அதுல கணக்கு எங்க இருக்குதுன்னே தெரியல. போன வருஷம் அந்தப் பாடத்த விட்டுட்டேன். பசங்க கேட்டா, பரீட்சைக்கு வராதுன்னு சொல்லிட்டேன்.”

யாரோ சிரித்தார்கள். உடனே ஓரிக்கைப் பள்ளி லோகாம்பாள் டீச்சர், “சிரிக்காதீங்க. நான் மெட்ராஸ்ல பத்து நாள் பயிற்சிக்கே போய் வந்தேன். போர்டுல எழுதினத காப்பி பண்ணிக்கினு வந்தேன், அவ்ளோதான்” என்றார். அப்புறம் ஒவ்வொருவராக. எனக்கும், எனக்கும்.

தரையில் சுண்ணாம்புக்கட்டியால் இரண்டு வட்டம் போட்டோம், ஒன்றுமேல் ஒன்று கொஞ்சம் ஏறினாற்போல. மூக்குக்கண்ணாடி போட்டவர்கள் இதில், சட்டைப்பையில் பேனா வைத்திருப்பவர்கள் அதில். துரைக்கண்ணு சாருக்கு இரண்டும் உண்டு. இங்கே வந்தார், அங்கே போனார், கடைசியில் இரண்டு வட்டமும் சேருமிடத்தில் போய் நின்றார். “அட, நான் நடுவுலயா?” என்றார். அந்த முகத்தை நான் மறக்கமாட்டேன். சுண்டல் ஆறிப்போய்விட்டது.

போகும்போது சொன்னார்: “இத்தினி வருஷ சர்வீஸ்ல இன்னிக்கிதான் டீச்சர் நான் கூட்டத்துக்கு வந்தேன்.”

13-8-72

இன்றும் சந்தோஷமாகவே இருக்கிறது. இது நிலைக்க வேண்டுமே என்று உள்ளே பயம்.

9-9-72, சனி

இரண்டாவது கூட்டம் இன்னும் நன்றாக நடந்தது. முடியும் நேரத்தில் ஆய்வாளர் வந்தார். மாதிரிப் பாடம் எங்கே என்றார். நான் முந்திக்கொண்டு விளக்கினேன். “மனம் திறந்து பேசினால்தான் சார் நாம் முன்னேற முடியும். எங்கள் துரைக்கண்ணு சாரையே பாருங்கள். கணம் புரியவில்லை, போன வருடம் விட்டுவிட்டேன் என்று எல்லோர் முன்னிலையிலும் சொன்னார். இப்போது அவர்தான் மற்றவர்களுக்குச் சொல்லித் தருகிறார்.”

“அப்படியா? ரொம்ப சந்தோஷம்” என்றார் ஆய்வாளர். சிரித்தார்கூட. எதிரே துரைக்கண்ணு சார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டிருந்தார். கூட்டத்தைத் தொடர அனுமதி கிடைத்துவிட்டது என்று நினைக்கிறேன்.

27-9-72

பாடத்திட்டத்தை ஏன் முடிக்கவில்லை என்று விளக்கம் கேட்டு துரைக்கண்ணு சாருக்கு மெமோ.

நான் சொன்னது. நான்தான் சொன்னேன். மெச்சுகிறேன் என்று நினைத்துக்கொண்டு, யாரிடம் எதைச் சொல்லுகிறோம் என்று தெரியாமல் — ஐயோ, எனக்கு வாய் எதுக்கு இருக்குது?

அவர் என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. கோதண்டபாணி சார்தான் கேட்டார்: “இப்ப திருப்தியாமா?”

6-10-72

துரைக்கண்ணு சாருக்குத் தாமல் பள்ளிக்கு மாற்றல். திங்களே போய்ச் சேர வேண்டும்.

மெமோ வந்தபோதுகூட இந்த அளவுக்கு நினைக்கவில்லை. அவர் மனைவி அங்கம்மாளுக்கு இரண்டு வருடமாக வலது பக்கம் கை கால் வராது. தினமும் மதியம் மணி அடித்ததும் சார் அடுத்த தெருவிலிருக்கும் வீட்டுக்கு ஓடுவார். ஊட்டிவிட்டு, துடைத்துவிட்டு, இரண்டாம் மணிக்குள் வந்துவிடுவார். பஸ் பிடித்துப் போகிற தூரத்திலிருக்கும் தாமலிலிருந்து எப்படி வருவார்?

8-10-72

அவர் வீட்டுக்குப் போனேன். மன்னிப்புக் கேட்கத்தான். நான் ஆரம்பிக்கும் முன்பே அங்கம்மாள் இடது கையால் என் கையைப் பிடித்துக்கொண்டு, “அவரு ஆகஸ்டு மாசம் வீட்டுக்கு வந்து தரையில வட்டம் போட்டுக் காட்டினாருமா. நான் ஒரு வட்டத்துல, அவரு ஒண்ணுல. சின்னப் புள்ள மாதிரி” என்றார். சார் அடுப்படியிலிருந்து வெளியே வரவேயில்லை.

மதியச் சோற்றுக்குப் பக்கத்து வீட்டில் சொல்லி வைத்திருக்கிறார்களாம். அவர்கள் தறியை விட்டு எழுந்து வரும்போதுதான் சாப்பாடு. முகூர்த்தப் புடவை நெய்யும் நேரம் வேறு. என்னால் அங்கே உட்கார முடியவில்லை.

14-10-72, சனி

கூட்டம். பிசகிய பாடம் யார் சொல்கிறீர்கள் என்று கேட்டேன்.

“இந்த மாசம் எல்லாம் நல்லாப் போச்சி டீச்சர்.” லோகாம்பாள்.

எல்லோருக்கும் எல்லாம் நல்லாப் போயிருக்கிறது. தர்மன் சார் சன்னல் வழியாக வெளியே பார்த்துக்கொண்டிருந்தார். தாமல் சார்பில் துரைக்கண்ணு சார் வந்திருந்தார். அவரும் அதையே சொன்னார். சுண்டல் சீக்கிரமே வந்துவிட்டது. குறை சொல்ல எனக்கு என்ன யோக்கியதை?

17-10-72

ஆய்வாளரைப் போய்ப் பார்த்தேன். அங்கம்மாள் நிலையைச் சொன்னேன். பொறுமையாகத்தான் கேட்டார்.

“டிசம்பர் கூட்டத்துக்கு மாவட்ட அதிகாரி வர்றாரும்மா. நல்லா ஒரு மாதிரிப் பாடம் நீங்களே நடத்துங்க. புதுக் கணக்கே எடுங்க. நம்ம பகுதியில எல்லாம் ஒழுங்கா நடக்குதுன்னு அவருக்குத் தெரியட்டும். அப்பறம் துரைக்கண்ணு விஷயத்தப் பார்ப்போம்.”

சரி சார் என்றேன். கொஞ்சம் யோசித்துவிட்டுச் சொல்லியிருக்கலாம்.

22-11-72

ஒத்திகை. மூக்குத்தி போட்டவர்கள் ஒரு வட்டம், பச்சை ரிப்பன் கட்டியவர்கள் ஒரு வட்டம். யார் எங்கே நிற்க வேண்டும், யார் தப்பாகப் போய் நின்று திருத்திக்கொள்ள வேண்டும், எல்லாம் நான் சொல்லிக்கொடுத்தபடி. துரைக்கண்ணு சார் தடுமாறி நடுவில் போய் நின்றதை ஒரு பெண்ணுக்குப் பாடமாக்கிக் கொடுத்திருக்கிறேன். “அட, நான் நடுவுலயா?” என்று அதே மாதிரி சொல்கிறாள். நன்றாகவே சொல்கிறாள். சீ.

வரிசை மாறக் கூடாது என்று பத்துத் தரம் சொன்னேன்.

9-12-72, சனி

முடிந்தது. கேள்வி எதையும் நான் விடவில்லை. மாவட்ட அதிகாரி அடிக்கடி தலையசைத்தார்.

உள்ளே ஒன்றுமே இல்லாத வெற்றுக் கணத்தை முடித்து அடுத்ததற்குப் போகும்போது என் வகுப்புப் பெரியநாயகி கையைத் தூக்கினாள். அவளுக்கு அங்கே கேள்வியும் இல்லை, பதிலும் இல்லை. தூக்கிய கையோடு எழுந்தே விட்டாள்.

“டீச்சர், ஒண்ணுமே இல்லன்னா, அதுக்கு எதுக்குக் கணம்னு பேரு வெச்சி எழுதணும்?”

எத்தனை வருடமாக ஒரு பிள்ளை இப்படிக் கேட்க வேண்டும் என்று காத்திருந்தேன். அதிகாரி நிமிர்ந்து பார்த்தார். ஆய்வாளர் என்னைப் பார்த்தார். பின்வரிசையில் துரைக்கண்ணு சார்.

“உட்காரு பெரியநாயகி” என்றேன்.

உட்கார்ந்தாள். அடுத்த கேள்வியைக் கேட்டேன். சரியான பதில் வந்தது. பாடம் மிகச் சிறப்பு என்று நன்றியுரையில் சொன்னார்கள். துரைக்கண்ணு சார் சுண்டல் பொட்டலத்தை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு, அங்கம்மாளுக்காக இருக்கும், என்னிடம் வந்தார். “பாடம் நல்லா இருந்துச்சி டீச்சர்.” கேலி இல்லை. கேலி செய்திருந்தால் தேவலை.

18-1-73

ஆய்வாளர் சொன்ன சொல்லைக் காப்பாற்றினார். பொங்கல் கழித்துத் துரைக்கண்ணு சார் எங்கள் பள்ளிக்கே திரும்பி வந்துவிட்டார். மதிய மணி அடித்ததும் வீட்டுக்கு ஓடுகிறார். அங்கம்மாள் வேளைக்குச் சாப்பிடுகிறார். இதற்குத்தானே எல்லாம். பிப்ரவரி மாதிரிப் பாடம் அவர் முறை. என் வகுப்புக்கும் அவர் வகுப்புக்கும் நடுவே தட்டிதான். அந்தப் பக்கம் பிள்ளைகள் பதில்களை வரிசையாகச் சொல்வது காலையிலிருந்து கேட்கிறது.

இடைவேளையில் பெரியநாயகியைக் கூப்பிட்டேன். ஒரு மாதமாக நெஞ்சில் கிடந்து உறுத்துகிறது. அன்றைக்கு நீ ஒன்று கேட்டாயே, ரொம்ப நல்ல கேள்வி, இப்போது கேள், நாம் சேர்ந்து யோசிக்கலாம் என்றேன்.

காலைப் பிடித்துக் கெஞ்சாத குறையாகக் கேட்டேன். அவள் கைகட்டி, தரையைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

“நான் ஒண்ணும் கேக்கல டீச்சர். எனக்கு எல்லாம் புரியுது.”