தையலுக்கு விட்ட அரை அங்குலம்

அன்புள்ள வீட்டுக்காரருக்கு,

இங்கே எல்லோரும் சுகம். அத்தைக்கு முட்டி வலி குறைந்திருக்கிறது, வாய் மட்டும் குறையவில்லை. "தைக்க ஊர்ப்பட்ட துணி கிடக்கு, இவ பலகையைக் கட்டிக்கிட்டு அழறா" என்று காலையிலிருந்து என்னைக் காய்ச்சி எடுக்கிறார்.

போன வாரம் போனில், ஸ்பீக்கர் இரண்டையும் யாருக்காவது கொடுத்துவிடு, எனக்கு இனி எதற்கு என்றீர்கள். ஏன் என்று எனக்குத் தெரியும். அத்தையின் முட்டியைப் பற்றிச் சொன்னால் அங்கே மழை என்கிறீர்கள். மற்றதற்கெல்லாம் சரி, சரி. கொதிகலன் பட்டறைச் சத்தத்தில் உங்கள் காது போய்க்கொண்டிருக்கிறது. அதனால்தான் கடிதம் எழுதுகிறேன்.

ஸ்பீக்கரைக் கொடுக்க மாட்டேன். அதற்குப் பெட்டி செய்யப்போகிறேன் என்று பத்து வருஷமாகப் பரணில் வைத்திருந்தவர் நீங்கள். உங்கள் அளவுத்தாளோடு நேரே மரக்கடைக்குப் போனேன். கடைக்காரர் மரத்தூளை ஒட்டிச் செய்த தூள் பலகையை என் தலையில் கட்டப் பார்த்தார். நான் பதினெட்டு மில்லி பிளைவுட்தான் வேண்டும் என்று நின்றேன். ஓரத்தில் அடுக்குகளை எண்ணினேன். பதின்மூன்று, இடையில் ஓட்டை இல்லை. கரையைப் பார்த்தே துணியின் தரம் சொல்பவளுக்கு இதெல்லாம் பெரிய வித்தையா?

வெட்டித் தரும் தச்சரிடம் அளவு எழுதிக் கொடுத்ததில்தான் சொதப்பிவிட்டேன். இருபது வருஷப் பழக்கம், ஒவ்வொரு பக்கமும் தையலுக்கென்று அரை அங்குலம் சேர்த்துவிட்டேன். வெட்டி முடித்த பிறகுதான் தெரிந்தது. "பலகைக்கு ஜாக்கெட்டா தைக்கப் போறீங்க?" என்று தச்சர் சிரித்ததில் தெருவே திரும்பிப் பார்த்தது. மானம் போயிற்று. ஆனாலும் விடவில்லை. உங்கள் தாளில் பலகையோடு பலகையை முட்டி ஆணி அடிக்கச் சொல்லியிருந்தீர்கள். மிச்ச அரை அங்குலத்தில் ஓரமாகப் பள்ளம் செதுக்கிக் காடி எடுத்து, ஒன்றுக்குள் ஒன்றை உட்காரவைத்துப் பசை போடலாமா என்று கேட்டேன். அவர் சிரிப்பை நிறுத்திவிட்டு, "ஆணியைவிட இதுதான்மா கெட்டி, அதிராது" என்றார். ஒரு பெட்டி முடிந்தது. மற்றதில் பசை காய்கிறது.

அடுத்த மாதம் அங்கே இன்னும் இரண்டு வருஷ வேலை ஒப்பந்தத்துக்குக் கையெழுத்துக் கேட்பார்கள். போடாதீர்கள். இருக்கிற காதோடு வந்துவிடுங்கள். டாக்டரிடம் நானும் வருகிறேன். காது போனதில் எனக்குக் கோபமில்லை, என்னிடம் மறைத்ததில்தான்.

இனிமேல் என்னிடம் சும்மா சரி, சரி என்று சொல்லாதீர்கள். காதில் விழவில்லை என்று சொல்லுங்கள். நான் திரும்பச் சொல்கிறேன், எத்தனை தடவையானாலும்.

கோபம் ஆறாமல் காத்திருக்கும்,
உங்கள் தையல்காரி