முறத்தில் மூன்று விரல் தடம்

1941, மாசி. ஞாயிறு இரவு.

அடுப்படியில் மாட்டியிருக்கும் பழைய முறத்தை நேற்று வர்ணத்தில் படமாக எழுத ஆரம்பித்தேன். மெழுகிய சாணி காய்ந்து, அதில் மூன்று விரல் தடம் வரிவரியாக ஓடியிருந்தது. உழுது போட்ட கொல்லை மாதிரி அத்தனை அழகு.

இன்று பூசைக்குப் போய்விட்டு வந்து பார்த்தால், என் மனைவி அதன்மேல் புதுச்சாணி மெழுகி வெயிலில் வைத்திருக்கிறாள்.

"யாரக் கேட்டு மெழுவுன?" என்று கத்திவிட்டேன்.

"பழைய மொறத்தப் படம் எழுதுனா, பாக்கறவங்க நம்ம வூட்டப் பத்தி என்னா நெனப்பாங்க? அதாங்க."

பாதி முடிந்த படத்தை அவள் முன்னால் போட்டேன். குனிந்து பார்த்தவள் நிமிரவே இல்லை.

"இது நம்ம ரோசு கைங்க. அவதான் சுண்டுவிரல மடக்கிக்கிட்டு மெழுவுவா."

ரோசு எங்கள் மகள். போன வருஷம் கோலாருக்குக் கட்டிக்கொடுத்தோம். மாப்பிள்ளை அவளை இன்னும் ஒரு தடவைகூட இங்கே அனுப்பவில்லை. கேட்டால் ஏதாவது ஒரு சாக்கு.

அந்தத் தடத்தை எவ்வளவு உற்றுப் பார்த்து எழுதினேன்! யார் கை என்று எனக்குத் தெரியவில்லை.

சாயங்காலம் தண்ணீர் குடிக்க அடுப்படிக்குப் போனேன். முறம் தரையில் கிடந்தது. அதை மாட்டும் ஆணியில் என் படம் தொங்கியது.