பட்டியலில் இல்லாத ஓட்டத்தின் நேரம்

என் தங்கை கோமதிக்கு,

நீ போய் நான்கு வருஷம் ஆகிறது. இத்தனை நாள் எழுதாதவன் இப்போது எழுதுகிறேன் என்றால் காரணம் இருக்கிறது. தலைப்புப் போட்டுக்கொள்ளாமல் எனக்கு எழுத வராது. உன் கல்யாணத்துச் சமையல்காரருக்கே எண் போட்டுக் கடிதம் கொடுத்தவன் என்று ஊரெல்லாம் சொல்லிச் சிரித்தவள் நீ. இதற்கும் சிரித்துக்கொள். சனிக்கிழமை காலை எழுதிய தலைப்புகள் இவை:

1. ஒரு செய்தி.
2. அந்தச் செய்தியை இத்தனை வருஷம் தாமதப்படுத்தியவர்கள் எப்படிப்பட்டவர்கள்.
3. உலகப் போட்டிகளில் இன்னும் சேர்க்க வேண்டிய ஓட்டங்கள் எவை.
4. உனக்குத் தெரியாமலே நீ போய்விட்ட ஒரு விஷயம்.

ஓய்வுபெற்ற ஆசிரியர்களுக்காக வரும் மாத இதழில் இதை அச்சிடச் சம்மதித்திருக்கிறார்கள். நம் செங்கல்பட்டுக்காரர்கள் படிப்பார்கள். படிக்கட்டும். நான்காவது தலைப்பை உன்னிடம் மட்டும் சொல்லி என்ன பயன்?

முதலில் செய்தி. இந்த ஆகஸ்டில் சீனாவில் நடந்த ஒலிம்பிக்கில் பெண்கள் மூவாயிரம் மீட்டர் ஸ்டீபிள்சேஸ் ஓடினார்கள். ஒலிம்பிக்கில் அவர்களுக்கு இதுதான் முதல் தடவை. படிப்பவர்களுக்காகச் சொல்கிறேன்: ஏழரைச் சுற்று, இருபத்தெட்டுத் தடைகள், ஏழு முறை தண்ணீர்க் குழி. சாதாரணத் தடை ஓட்டத்தில் இடித்தால் தடை விழும். இதில் தடை விழாது, ஓடுகிறவர்தான் விழுவார். டி.வி. முன்னால் ஸ்டாப்வாட்சோடு உட்கார்ந்து, யாரும் கேட்காமலே நேரம் பிடித்தேன். எல்லாரும் ஓடி முடிக்கும்வரை பார்த்தேன். ஒருத்திக்குக்கூடக் கர்ப்பப்பை இடம் மாறவில்லை.

கர்ப்பப்பை என்றதும் உனக்கு யார் ஞாபகம் வந்திருக்கும் என்று தெரியும். இரண்டாவது தலைப்பு அவர்தான்.

பன்னிரண்டு வருஷத்துக்கு முன் செங்கல்பட்டு மைதானத்தில், யாரும் கலந்துகொள்ளலாம் என்று நடந்த திறந்த தடகளப் போட்டி. நான் பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியார், மைதானத்தில் நேரக் கணிப்பாளர். நீ பெண்கள் பள்ளியின் பி.டி. டீச்சர். உனக்கு ஒரே பிடிவாதம். பெண்கள் ஸ்டீபிள்சேஸ் ஓடிக் காட்ட வேண்டும், அதற்கு ஒரு நேரம் வேண்டும், அந்த நேரம் கையெழுத்தோடு ஒரு தாளில் வேண்டும். வெளி மாநிலத்தில் அந்த வருஷம் பெண்களை இந்த ஓட்டத்தில் சோதித்துப் பார்க்கப் போகிறார்கள் என்று எங்கிருந்தோ தெரிந்துகொண்டு வந்தாய்.

"ஒரே ஒரு பேப்பர் போதும்ண்ணா. அந்தப் பொண்ணு ரயில் ஏறிடும்" என்றாய்.

அந்தப் பெண் எஸ்தர். செய்யூர்ப் பக்கம் சவுக்குத் தோப்பில் கட்டை சுமந்துகொண்டிருந்தவள், இருபத்திரண்டு வயது. ஞாயிற்றுக்கிழமைகளில் மாமல்லபுரம் மணலில் நீ அவளை ஓடவைத்தாய். போட்டியன்று அவள் ஊரிலிருந்தே சவுக்குக் கழிகள் வந்தன. மண் மூட்டைகளின்மேல் இரண்டரை அடி உயரத்துக்கு அவற்றைக் கிடத்திக் கட்டினாய். நீளம் தாண்டுதல் முடிந்ததும் அந்த மணல் குழியில் தார்ப்பாய் விரித்து லாரித் தண்ணீர் நிரப்பினாய். நான் நாடாவால் மூன்று முறை அளந்தேன். எல்லாம் விதிப்படி இருந்தது.

போட்டி நடத்திய குழுவின் செயலாளர் வந்து பார்த்தார். கழுத்தில் விசில், வாயில் வெற்றிலை. ஐம்பது மீட்டர் ஓடினால் அவருக்கே நாற்காலி தேவைப்படும்.

"இன்னா டீச்சர் இது, பொம்பளைங்கள கட்டை தாண்டச் சொல்லிகினு? உழுந்து கர்ப்பப்பை எடம் மாறிப் போச்சின்னா நாளைக்கு யாரு பதில் சொல்றது?"

"அந்தக் கட்டையை இத்தினி வருஷம் தலையில தூக்கினாளே, அப்ப எங்க சார் போயிருந்தீங்க?" என்றாய் நீ.

சுற்றி இருந்தவர்கள் சிரித்தார்கள். அவருக்கு அது பொறுக்கவில்லை. ஓடவிட்டார், ஆனால் மற்ற இரண்டு நேரக் கணிப்பாளர்களையும் டீ குடிக்கக் கூட்டிக்கொண்டு போய்விட்டார். போகும்போது என் காதில், "லிஸ்ட்ல இல்லாத ஐட்டத்துக்கு டைம் எதுக்கு சார்? நீங்க படிச்சவரு" என்று சொல்லிவிட்டுப் போனார்.

கோமதி, நான் யாரையும் திட்டிப் பழகாதவன். ஆனால் அறுபத்தேழு வயதில் ஒன்று சொல்கிறேன். பெண்களால் எது முடியாது என்று முடிவு செய்தவர்கள் எல்லாரும் டீ குடிக்கப் போனவர்கள்தான். அவள் ஓடி முடித்ததும் திரும்பி வந்து, "இன்னா, உழுந்துட்டாளா?" என்று கேட்டார்கள். செங்கல்பட்டில் டீ கண்ணாடி டம்ளரில் வருகிறது, பெரிய ஊர்களில் பீங்கான் கோப்பையில் வந்திருக்கும். வேறு வித்தியாசம் எனக்குத் தெரியவில்லை. ஆண்கள் ஏறக்குறைய நூறு வருஷமாக ஓடும் ஓட்டம் அது. பெண்களால் முடியுமா என்று யோசிக்க இந்தப் பெரிய மூளைகளுக்கு அத்தனை காலம் பிடித்திருக்கிறது.

மூன்றாவது தலைப்பு. இதில் எனக்கு உறுதி குறைவு. தவறாக இருக்கலாம்.

காடு மேடு ஓட்டத்தை ஒலிம்பிக்கில் மறுபடி சேர்க்க வேண்டும். ஒருகாலத்தில் இருந்ததுதான். ஒரு வெயில் நாளில் பலர் சுருண்டு விழுந்தார்கள் என்று எடுத்துவிட்டார்கள். அது ஓட்டத்தின் குற்றமா, அந்த வெயிலில் ஓடச் சொன்னவர்களின் குற்றமா? அடுத்தது, நீ சொன்ன கலப்புத் தொடரோட்டம். இரண்டு ஆண், இரண்டு பெண், ஒரே குச்சி. குச்சி கைமாறும்போது விரல் படுமே என்று நம் மாவட்டத்துப் பெரிய மனிதர் ஒருவர் கவலைப்பட்டது ஞாபகம் இருக்கிறதா? அவர் மனைவி பஸ்ஸில் டிக்கெட்டே வாங்கியதில்லை போலிருக்கிறது. பிறகு நடை. ஆண்களுக்கு ஐம்பது கிலோமீட்டர் வைத்துவிட்டு, பெண்களுக்கு இருபதோடு நிறுத்திவிட்டார்கள். கிருத்திகைக்குப் பெண்கள் முருகன் கோயிலுக்கு நடந்தே போகும் திருப்போரூர் சாலையில் ஒரு மணி நேரம் நின்றிருந்தால் இந்தக் கணக்கைப் போட்டிருக்க மாட்டார்கள்.

நீ சேர்க்கச் சொன்ன கடற்கரை மணல் ஓட்டத்தை மட்டும் இன்னும் என்னால் ஏற்க முடியவில்லை. அலை வந்து போன மணலும் காய்ந்த மணலும் ஒன்றா? முதலில் ஓடுகிறவருக்கு ஒரு தரை, பின்னால் வருகிறவருக்கு வேறு தரை. நீ என்ன பதில் சொல்வாய் என்று தெரியும். "வாழ்க்கையில மட்டும் எல்லாருக்கும் ஒரே தரையாண்ணா?" அது பதில் இல்லை. ஆனால் மறுக்கவும் எனக்கு வரவில்லை.

நான்காவது.

அன்று எஸ்தர் ஓடினாள். முதல் தண்ணீர்க் குழியில் முழங்கால்வரை நனைந்தாள். ஐந்தாவது சுற்றில் கழியில் கால் இடறி விழுந்து, உள்ளங்கை தேய எழுந்து மறுபடி ஓடினாள். முடிவுக் கோட்டை அவள் மார்பு தொட்டபோது வாட்சை நிறுத்தினேன். பன்னிரண்டு நிமிடம் நான்கு விநாடி.

நீ ஓடி வந்து, "எவ்ளோண்ணா?" என்றாய்.

உன் தோளுக்குப் பின்னால் செயலாளர் டீக்கடையிலிருந்து வந்துகொண்டிருந்தார். எனக்கு ஓய்வுபெற மூன்று வருஷம் பாக்கி. அவருக்குக் கல்வி அலுவலகத்தில் ஆட்கள் உண்டு. உனக்குப் பயந்து வாட்சைப் பிடித்தவன், அவருக்குப் பயந்து பொத்தானை அழுத்தினேன். பூஜ்யம்.

"வாட்ச் நின்னு போச்சும்மா. பாக்க முடியல" என்றேன்.

நீ எஸ்தருக்குத் தண்ணீர் கொடுக்கப் போய்விட்டாய். அவள் ரயில் ஏறவில்லை, சவுக்குத் தோப்புக்குத் திரும்பினாள். ஆஸ்பத்திரியில் உன் கடைசி வாரத்தில், ஒரு மத்தியானம், ஜன்னல் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டே மறுபடி கேட்டாய். "அன்னிக்கி எவ்ளோண்ணா?" நான், "மறந்துபோச்சும்மா" என்றேன். எட்டு வருஷம் ஒரு நாளும் மறக்காத எண்ணை, சாகப் போகிற தங்கையிடம் மறந்துபோச்சு என்றேன். செயலாளரைத் திட்ட எனக்கு என்ன தகுதி? அவர் டீ குடிக்கத்தான் போனார். நான் பக்கத்தில் நின்று பார்த்தவன்.

இதுவரை சனிக்கிழமை எழுதியது. ஞாயிற்றுக்கிழமை நாவலூர் போனேன்.

அங்கே ஒரு கம்பெனி ஐந்து கிலோமீட்டர் ஓட்டம் நடத்தியது. வேலை பார்ப்பவன் ஒருவன் என் பழைய மாணவன். நேரம் பிடிக்க வாருங்கள் என்று கூப்பிட்டிருந்தான். முதல் பஸ்ஸில் போய், கூட்டம் சேருவதற்குள் பாதையை நடந்து பார்த்தேன். என் அடி எழுபது சென்டிமீட்டர். ஏழாயிரத்துச் சொச்சம் அடி வர வேண்டிய தூரம் ஐயாயிரத்து நானூறில் முடிந்துவிட்டது. மாணவனிடம் சொல்லலாமா என்று யோசித்துக்கொண்டே வாட்சை எடுத்தேன். "டைமிங்லாம் வேணாம் சார். சும்மா ஜாலிக்குத்தான். எல்லாருக்கும் மெடல் உண்டு" என்றான். எனக்கும் ஒன்று மாட்டினான். தூரம் இல்லை, நேரம் இல்லை, முதல் ஆள் இல்லை, கடைசி ஆள் இல்லை. பாட்டு இருந்தது, வாழைப்பழம் இருந்தது, ஆளுக்கொரு பனியன் இருந்தது. இதையும் ஒருநாள் ஒலிம்பிக்கில் சேர்ப்பார்கள்.

முடிவுக் கோட்டில் கயிறு பிடித்து நின்ற செக்யூரிட்டி அம்மா ஒருவர் என்னையே பார்த்தார். நீலச் சட்டை, தொப்பி.

"இன்னா சார், அடையாளம் தெர்லியா? எஸ்தரு சார். கோமதி டீச்சர் அண்ணன்தான நீங்க?"

"நீ ஓடலையாம்மா?" என்று கேட்டேன். இதைத்தானா கேட்பது?

"கவுறு புடிக்கிறதுதான் சார் நமக்கு டூட்டி." சிரித்தாள். "இவுங்க ஓடுறத பாத்தா காலு துறுதுறுன்னு கீது. இன்னா பண்றது."

சொல்லிவிட வேண்டும் என்று தோன்றியது. கழுத்தில் அந்த மெடலோடு, "எஸ்தர், அன்னிக்கி வாட்ச் நிக்கலம்மா. உன் டைம்…" என்று ஆரம்பித்தேன்.

"பன்னெண்டு அஞ்சு" என்றாள்.

"அது எப்படி உனக்குத் தெரியும்?" என்றேன்.

"டீச்சர் கையிலயும் ஒரு வாட்ச் இருந்திச்சே சார். முந்தானிக்குள்ள புடிச்சுகினு இருந்தாங்க. பஸ் ஸ்டாண்டாண்ட வெச்சி காட்னாங்க. அப்ப நீங்களே எழுதிக் குடுங்க டீச்சர்னு கேட்டேன். அது செல்லாதுடி, எங்கண்ணன் கையெழுத்து போட்டாத்தான் அது டைமு, இது வெறும் என் வூட்டு கடியாரம்னாங்க."

"என்னப் பத்தி வேற ஒண்ணும் சொல்லலியா?"

எஸ்தர் கயிற்றை மறு கைக்கு மாற்றிக்கொண்டாள். "சொன்னாங்க சார். அவுருக்குப் பொய் சொல்ல வராது, மூஞ்சியப் பாத்தா பாவமா இருக்கும், அதான் திரும்பி நின்னு கேக்கணும், என்னிக்காச்சும் ஒரு நாளு சொல்லிடுவாருன்னாங்க."

ஜன்னல் பக்கம் திரும்பிப் படுத்திருந்தாயே, கோமதி. வெளிச்சத்துக்காக என்று நினைத்தேன்.

நேரத் தாளில் தவறாக எழுதியதை அழிக்கக் கூடாது. கோடு போட்டு அடித்து, பக்கத்தில் கையெழுத்திட வேண்டும். என் கையெழுத்துப் பிரதியில் நான்காவது தலைப்பை அப்படியே அடித்துக் கையெழுத்திட்டிருக்கிறேன். அச்சில் கோடு விழாமல் போகலாம் என்பதால் இங்கேயும் சொல்கிறேன். அந்தத் தலைப்பு தவறு. உனக்குத் தெரியாமல் எதுவும் நடக்கவில்லை. நீ தெரிந்துகொள்ளக் கேட்கவில்லை. நான் சொல்ல வேண்டும் என்று கேட்டாய், இரண்டு முறை.

விதி உனக்கும் தெரியும். இரண்டு வாட்சுகள் மட்டும் இருந்து, இரண்டும் வேறு நேரம் காட்டினால், கூடுதலான நேரமே அதிகாரபூர்வமானது. என்னுடையது நான்கு விநாடி. உன்னுடையது ஐந்து. ஆகவே உன் நேரம்தான் நிற்கிறது. வீட்டுக் கடிகாரம் என்று இனிச் சொல்லாதே.

எதுவும் எழுதாத பழைய நேரத் தாள் ஒன்று என்னிடம் இருக்கிறது. வருகிற ஞாயிற்றுக்கிழமை அதை எடுத்துக்கொண்டு நாவலூர் போவேன். பெண்கள், மூவாயிரம் மீட்டர் ஸ்டீபிள்சேஸ், எஸ்தர், பன்னிரண்டு நிமிடம் ஐந்து விநாடி, கீழே என் முழுப் பெயர். அவளுக்கு அது இனி எதற்கும் பயன்படாது. ஆனாலும் கொடுப்பேன். அவள் முகத்தைப் பார்த்தே கொடுப்பேன்.

பன்னிரண்டு வருஷம் தாமதமாக வந்து சேர்ந்த
உன் அண்ணன்