ஒப்ளைஜ் என்ற சொல்லும் கைப்பிடி அரிசியும்

நவம்பர் 6, திங்கள்

விடாத மழை. ஆற்றில் செந்தண்ணீர் என்றார் பால்காரர். பாவாடை காயவில்லை.

மத்தியானம் அத்தை வந்தாள். அம்மா அப்பா போன பின் என்னை எடுத்து வளர்த்தவள். அவளை எதிர்த்துப் பேசி எனக்குப் பழக்கமில்லை. தை மாதம் அவள் கொழுந்தன் மகனோடு எனக்குக் கல்யாணமாம். சனிக்கிழமை வந்து விடுதியிலிருந்து கூட்டிப்போய்விடுவாளாம்.

“இன்னும் ஒரு வருஷம் படிச்சா டீச்சர் வேலை கிடைக்கும் அத்தை.”

“நாலு வருஷமா ஊரு கைப்பிடி அரிசியில தின்னுட்டு, ஊரு பேச்சக் கேக்க மாட்டியோ?”

எங்கள் சபைப் பெண்கள் ஒவ்வொரு வேளையும் உலையில் போடுமுன் ஒரு பிடி அரிசியைத் தனிக் கலயத்தில் போடுவார்கள். கோயிலுக்கு. மாதாமாதம் அது இந்த விடுதிக்கு வரும். எனக்குச் சோறு அதுதான்.

இன்று பாதிச் சோற்றைத் தட்டிலேயே வைத்துவிட்டேன்.

நவம்பர் 8, புதன்

கணக்கில் இரண்டு தப்பு. தலையில் பேன், பக்கத்துப் பாயில் படுக்கும் ரெபேக்காள் உபயம்.

எங்கள் வெள்ளைக்கார டீச்சர் மிஸ்ஸியம்மாள் பலகையில் ஒரு சொல் எழுதினார்கள். ஒப்ளைஜ். லத்தீனில் ‘லிகாரே’ என்றால் கட்டுவது. அங்கிருந்து பிரெஞ்சு, அங்கிருந்து இங்கிலீஷ். முதலில், சத்தியத்தால் ஒருவரைக் கட்டுவது. பிறகு, உபகாரம் செய்து கட்டுவது. பிறகு கட்டு மறைந்து வெறும் உபகாரம். ‘மச் ஒப்ளைஜ்டு’ என்றால் மிகவும் நன்றி.

அரிசி போட்டவர்கள் என்னைக் கட்டினார்களா? கட்டினால் அது உபகாரமா? கேட்க எழுந்தேன். மிஸ்ஸியம்மாள் பார்த்ததும் உட்கார்ந்துவிட்டேன்.

“கேளுட்டி!” ரெபேக்காள் கிள்ளினாள். கை சிவந்ததுதான் மிச்சம்.

நவம்பர் 10, வெள்ளி

பெட்டி கட்டியாயிற்று. இரண்டு தாவணி, வேதப்புத்தகம், சிலேட்டு. சிலேட்டை எடுத்துப்போவதா?

விளக்கைத் திரைக்குப் பின்னால் வைத்து எழுதுகிறேன். விடுதி அம்மாள் இருமுகிறாள். பயம்.

நவம்பர் 11, சனி

நடந்ததை நடந்தபடியே எழுதுகிறேன்.

அத்தை வண்டியில் வந்தாள். கூடவே ஊர்ப் பெண்கள், மாத அரிசி மூட்டையோடு. மிஸ்ஸியம்மாள் முன்னாலேயே அத்தை ஆரம்பித்தாள். “எங்க அரிசி, எங்க பிள்ள. கூட்டிட்டுப் போறோம்.”

ஊரில் கலயங்களுக்குக் காவல் அத்தைதான். பஞ்சம் வந்த வருஷம் பாக்கியம் சித்தி தன் பிள்ளைக்குக் கஞ்சி வைக்கக் கலயத்திலிருந்து ஒரு பிடி திருப்பி எடுத்ததற்கு, கோயில் வாசலில் வைத்து ஏசியவள். எனக்கு அது ஞாபகம் வந்தது. ஆனாலும் வாய் திறந்துவிட்டது.

“அத்தை, கலயத்துல போட்டதத் திருப்பி எடுக்கலாமா?”

“எடுக்கப்படாது. ஆண்டவருக்குப் போட்டதுல்லா?”

“என்னையும் அந்த அரிசிதானே வளத்துச்சு? அப்போ என்னைய மட்டும் எப்படித் திருப்பி எடுக்கீக?”

கூட வந்திருந்த பாக்கியம் சித்தி விழுந்து விழுந்து சிரித்தாள். “ஏளா, இவ கேக்குதா பாரு கேள்வி! அன்னைக்கு நான் ஒரு பிடி எடுத்ததுக்கு அந்தப் பேச்சு பேசினீகளே மதினி. இப்போ நீங்க முழுப் பிள்ளையவே அள்ளுதீகளே!”

எல்லாரும் சிரித்தார்கள். அத்தை முகம் சிவந்தது. அடிப்பாள் என்று நினைத்தேன்.

“வாயப் பாரு” என்றாள் அத்தை. “இந்த வாயோட கல்யாணம் பண்ணிப் போனா ரெண்டு நாள்ல திருப்பி அனுப்பிருவான். படிச்சே தொலை.”

மிஸ்ஸியம்மாள் மூட்டையைத் தொட்டு, “ஐ ஆம் ஒப்ளைஜ்டு” என்றார்கள். அத்தை என்னைப் பார்த்தாள், என்ன சொல்லுதாக என்று. நன்றி சொல்லுதாங்க அத்தை என்றேன். கட்டு என்பதை விட்டுவிட்டு நான் சொன்ன மொழிபெயர்ப்பு அத்தனை பேர் காதிலும் விழுந்தது!

வண்டி ஏறுமுன் அத்தை முந்தி முடிச்சை அவிழ்த்து ஒரு துண்டு கருப்பட்டி கொடுத்தாள்.

பெட்டியைப் பிரித்தாயிற்று. சிலேட்டு பழைய இடத்தில்.

கருப்பட்டியில் பாதி ரெபேக்காளுக்கு. அவள் கேட்கவில்லை. நானும் கொடுத்தே ஆகவேண்டும் என்றில்லை.